புதுப்பிப்பு: வடிகாலுக்காகப் பேரவை மனுக்கள் குழுவிடம் போன கதை

எங்கள் நகராட்சியில் மூன்று தெருக்களுக்கு மழைநீர் வடிகால் இல்லை, கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள், சட்டப்பேரவை வரை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை" என்று ஒருவர் சொன்ன யோசனைதான். என் பழைய மனுவில் வடிகால், தெருவிளக்கு, பட்டா எல்லாம் கலந்து கிடந்தது. பட்டா விவகாரத்தை மனுக்கள் குழு (மக்கள் தரும் மனுக்களை விசாரிக்கும் சட்டப்பேரவைக் குழு) எடுப்பதில்லை. சரி என்று வடிகாலை மட்டும் வைத்து, தமிழில் 5 நகல் எடுத்து, தேதியோடு கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

எம்.எல்.ஏ. தொகுதி நிதியும் கேட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 3 கோடி, அதுவும் தொகுதி முழுவதற்கும். ஒரு தெருவுக்குக் கிடைத்தது.

எதிர்பாராதது என்னவென்றால், குழுவின் ஆய்வுக் கூட்டத்தில் பொறியாளர் ஒரு கோப்பைப் பிரித்தார். வடிகாலுக்கான செலவு மதிப்பீடு எப்போதோ தயாராகி, நாடா கட்டிய அட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது! குழு துறையிடம் அறிக்கை கேட்டது. அப்புறம்தான் மற்ற இரண்டு தெருக்களுக்கும் நிர்வாக அனுமதி வந்தது. டெண்டர் இன்னும் விடவில்லை.