கையால் சுற்றும் கம்பிவலை மெஷின்: சுருள் முறுக்கிக்கொண்டு வருகிறது, வலையில் ஏற மாட்டேன் என்கிறது. உதவி தேவை

மூலனூர் விவசாயி:

வணக்கம்ங்க. எங்களுக்கு மூலனூர் பக்கம் 3 ஏக்கர் முருங்கை. சுற்றளவு 1500 அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். போன வருடம் வைத்த நாற்றில் பாதியை ஆடு கடித்துவிட்டது. மீதியைப் பன்றி கிளறிவிட்டது. ஆள் வைத்து வேலி போடக் கட்டுப்படியாகவில்லை என்பதால், வேலித் தொழிலை விட்ட ஒருவரிடம் கையால் சுற்றும் பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். உள்ளே ஸ்பிரிங் மாதிரி வரி ஓடும் பைப்பு, அதற்குள் சுழலும் தட்டைப் பிளேடு, பின்னால் கைப்பிடி, அவ்வளவுதான். கம்பி பிளேடில் சுற்றிச் சுருளாக வெளியே வரும், ஒவ்வொரு சுருளையும் முந்தின சுருளுக்குள் திருகி ஏற்றினால் வலை. 3 இஞ்ச் கட்டம், 5 அடி உயரம், 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசின) கம்பி.

முதல் கட்டுக் கம்பி 50 கிலோ. அதில் 60 அடி வலை அருமையாக வந்தது. நானும் வீட்டுக்காரியும் இரண்டு நாளில் முடித்தோம். இரண்டாவது கட்டை வேறு கடையில் எடுத்தேன். அன்றிலிருந்து தொல்லை. சுருள் தட்டையாக வராமல் ரிப்பனை முறுக்கின மாதிரி திரும்பிக்கொண்டே வருகிறது. வலைக்குள் 2, 3 அடி ஏறும், அப்புறம் சிக்கி நின்றுவிடும். கட்டமும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கைப்பிடி திடீரென்று இறுகுகிறது, திடீரென்று லேசாகிறது. ஆயில் விட்டேன், போல்ட்டெல்லாம் டைட் செய்தேன், மாற்றமில்லை. கம்பியா, மெஷினா? யாராவது வழி சொல்லுங்கள். வேலிக் கால் (தூண்) எல்லாம் நட்டு முடித்துவிட்டேன், வலைதான் பாக்கி.

கரூர் வாசகர்:

முதலில் கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 12 கேஜ் என்றால் 2.64. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 10 என்று சொல்லி 11 கொடுப்பவர்கள் உண்டு. கம்பி மாறினால் சுருளும் மாறும்.

மூலனூர் விவசாயி:

பக்கத்து வெல்டிங் கடை வெர்னியரில் அளந்தேன்ங்க. நாலு இடத்தில் பார்த்தேன், எல்லாம் 3.2க்கு மேல். கேஜ் சரியாகத்தான் இருக்கிறது.

ஒட்டன்சத்திரம், வேலி வேலை:

தம்பி, 20 வருடமாக இந்த மெஷினோடுதான் பிழைப்பு. மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கம்பிக் கட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள், தரையில் கிடக்கிறதா, சுற்றுகிற ஸ்டாண்டில் இருக்கிறதா? இரண்டு, 5 அடிச் சுருள் ஒன்றை வெட்டிச் சமமான தரையில் போட்டால் ஒரு முனை எவ்வளவு தூக்குகிறது? மூன்று, பழைய கட்டுக் கம்பி மிச்சம் ஏதாவது கிடக்கிறதா? எட்டு, பத்து அடி இருந்தாலும் போதும்.

மூலனூர் விவசாயி:

அண்ணா, கட்டு தரையில்தான் படுத்துக் கிடக்கிறது. முதல் கட்டுக்கு மெஷின் கொடுத்தவரே தன் ஸ்டாண்டைக் கொடுத்திருந்தார், திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாகத் தூக்கிவிடுகிறான். சுருளைத் திண்ணையில் போட்டுப் பார்த்தேன். ஒரு முனையைக் காலால் அழுத்தினால் மறுமுனை 4 இஞ்ச் தூக்குகிறது. பழைய கம்பி ஒரு துண்டு தொழுவத்தில் கிடக்கிறது.

திருப்பூர் வாசகர்:

இவ்வளவு சிரமம் எதற்கு? 1 ஹெச்பி மோட்டார் மாட்டிவிடுங்கள். கை வலியும் மிச்சம்.

மூலனூர் விவசாயி:

காட்டுக்குள் கரண்ட் இல்லைங்க. அதோடு, சுருள் கோணலாக வருவதைக் கையால் சுற்றும்போதே நிறுத்த முடியவில்லை.

ஒட்டன்சத்திரம், வேலி வேலை:

கோணலை மோட்டார் வேகமாகப் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். தம்பி சொல்வது சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரே நாளில் இரண்டு மாறியிருக்கிறது. கம்பி மாறியது, ஸ்டாண்டும் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பாருங்கள்.

தரையில் படுத்திருக்கும் கட்டிலிருந்து கம்பியை மேலே தூக்கி இழுத்தால், ஒவ்வொரு வளையத்துக்கும் கம்பிக்குள் ஒரு முழு முறுக்கு ஏறும். நம்ப முடியவில்லை என்றால் தோட்டத்து ஓஸைச் சுருட்டித் தரையில் போட்டு ஒரு முனையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், முறுக்கிக்கொண்டு வரும். அதையே ஒரு சக்கரத்தில் மாட்டி இழுத்தால் நேராக வரும். அந்த முறுக்கோடுதான் உங்கள் கம்பி பிளேடுக்குப் போகிறது. பையன் தூக்கிவிடும்போது ஒரு தடவை தளர்ச்சியாகவும் ஒரு தடவை இழுவையாகவும் போகும். கட்டம் பெரிது சிறிதாக வருவது பெரும்பாலும் இதனால். தளர்ந்து போன கம்பி பிளேடில் ஒட்டிச் சுற்றாது.

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய சைக்கிள் வீல் ஒன்றைப் படுக்கைவாட்டில் ஒரு காலில் மாட்டி, அதன்மேல் நாலு குச்சியைக் குறுக்கே கட்டினால் 50 கிலோ கட்டு உட்காராது, அச்சு வளைந்துவிடும். மாட்டு வண்டி அல்லது டிராக்டர் டிரெய்லரின் பழைய ஹப் (சக்கரக் குடம்) கிடைத்தால் அதைப் போடுங்கள், பேரிங்கோடு நன்றாகச் சுற்றும். தானாக ஓடாமலிருக்கப் பழைய டியூப் துண்டை உரசுகிற மாதிரி கட்டிவிடுங்கள். லேசான பிரேக் இருந்தால்தான் கம்பி இறுக்கமாகப் போகும்.

அடுத்தது கம்பியின் குணம். பழைய துண்டு ஒன்று, புதுத் துண்டு ஒன்று, இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டி வைஸில் பிடித்து, ஒரே பைப்பில் சுற்றி மடக்கி விடுங்கள். எது அதிகமாகத் திரும்பி எழுகிறது என்று பாருங்கள். கெட்டிக் கம்பி எழும், மெதுக்கம்பி விட்ட இடத்தில் நிற்கும். பிளேடு ஒவ்வொரு பக்கமும் 180 டிகிரி மடக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். பிளேடை விட்டு வெளியே வந்ததும் கெட்டிக் கம்பி கொஞ்சம் திரும்பி எழுந்துவிடும். ஒரு மடிப்பில் 3 டிகிரி திரும்பினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 3 இஞ்ச் கட்டத்தில், 5 அடி உயரத்துக்கு, 28 மடிப்பு இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் 84 டிகிரி. கிட்டத்தட்ட கால் சுற்று. ரிப்பன் முறுக்கு அப்படித்தான் வருகிறது. அப்படிப்பட்ட சுருள் முன்சுருளுக்குள் எப்படி ஏறும்?

ஜிஐ கம்பியில் மெது, நடுத்தரம், கெட்டி என்று வகை உண்டு. ஐஎஸ் 280 என்ற இந்தியத் தரத்திலேயே அப்படிப் பிரித்திருக்கிறார்கள். கடையில் கேஜ் மட்டும் சொல்லி வாங்கினால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வலை பின்ன மெதுக்கம்பி வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, கைப்பிடி இறுகுகிறது என்றீர்கள். பிளேடை ஒரு தடவை வெளியே எடுத்துக் காட்ட முடியுமா? அதை அப்புறம் பேசுவோம். முதலில் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

பழனி, வேலி வேலைக்குப் போகிற அக்கா:

தம்பி, நான் சொல்வதையும் கேட்டுக்கோ. என் வீட்டுக்காரர் கைப்பிடி சுற்றுவார், முன்முனையில் நான் நிற்பேன். சுருள் வெளியே வந்து வலைக்குள் ஏறும்போது, முன்சுருளின் விளிம்பும் புதுச் சுருளின் விளிம்பும் ஒரே நேரில் இருக்கணும். வலை தன் பாரத்தில் கீழே தொங்கினால் நேர் தப்பிப்போகும். நாங்கள் மேசைக்கு நீளமாக ஒரு பாதிப் பைப்பை வாய்க்கால் மாதிரி போட்டு, சுருள் அதிலேயே உருண்டு போகிற மாதிரி வைத்திருக்கிறோம். கையால் பிடிக்கவே வேண்டாம். முதல் முனையைச் சாய்வாக வெட்டிவிடு, மொட்டையாக வெட்டினால் ஒவ்வொரு கண்ணியிலும் இடிக்கும்.

சுற்றை எண்ணு. 3 இஞ்ச் கட்டத்துக்கு ஒரு சுற்றில் 4¼ இஞ்ச் வரும். 5 அடிக்கு 14 சுற்று. 14 சுற்றி நிறுத்தியும் சுருள் நீளம் குறைந்தால், கம்பி பிளேடில் வழுக்குது என்று அர்த்தம். கண்ணாடி போட்டுக்கோ தம்பி, கட்டின் கடைசி முனை வரும்போது சாட்டை மாதிரி அடிக்கும். எங்கள் அண்ணன் பையனுக்குப் புருவத்தில் ஆறு தையல்.

மூலனூர் விவசாயி:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றிங்க. டிரெய்லர் ஹப் ஒன்று பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது. கட்டை அதில் ஏற்றி டியூப் பிரேக்கும் கட்டினேன். கட்டம் இப்போது ஒரே அளவாக வருகிறது. முனை தூக்குவது 4 இஞ்சிலிருந்து 2½ ஆனது, போகவில்லை.

பழைய துண்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு அடிச் சுருள்தான் வந்தது, திண்ணையில் தாள் மாதிரி படுத்துவிட்டது. வைஸ் சோதனையில் புதுக்கம்பி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுந்தது. கடைக்காரரிடம் இரண்டு துண்டையும் கொண்டுபோய் அவர் மேசையிலேயே மடக்கிக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மிச்சத்தை எடை போட்டு எடுத்துக்கொண்டு வேறு கட்டுக் கொடுத்தார். இப்போது தூக்கல் அரை இஞ்ச்தான். வலையில் ஏறுகிறது. அக்கா சொன்ன பைப்பு வாய்க்காலும் போட்டாயிற்று.

ஆனால் கைப்பிடி இறுகுவது மட்டும் போகவில்லை. பிளேடை வெளியே எடுத்தேன். கம்பி முதலில் வந்து விழும் இடத்தில் இரண்டு ஓரமும் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. அங்கே அகலம் 52 மில்லிமீட்டர், மற்ற இடத்தில் 54. பைப்புக்குள் சாம்பல் நிறத்தில் பொடி நிறைய.

கோவை, லேத் பட்டறை:

இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன், இது என் வேலை என்பதால் சொல்கிறேன். 3 இஞ்ச் கட்டத்துக்கு பிளேடு அகலம் 54 மில்லிமீட்டர் சரியான அளவுதான். கட்டத்தின் பக்கம் 3 இஞ்ச் என்றால் அதன் பாதிக் குறுக்களவு அவ்வளவு வரும். வலையை அளக்கும்போதும் மூலைக்கு மூலை அளக்காதீர்கள், அது 4¼ காட்டும். எதிரெதிர்க் கம்பிகளுக்கு நடுவில் அளந்தால்தான் 3.

உங்கள் கம்பி 52 அகலத்தில் மடிந்து, முன்னே நகரும்போது 54 அகலத்தில் ஏற வேண்டியிருக்கிறது. படியில் முட்டுகிற மாதிரி முட்டி, இறுகி, ஏறினதும் லேசாகிவிடும். அந்த இடத்தில்தான் துத்தநாகப் பூச்சும் உரிகிறது. நீங்கள் பார்த்த சாம்பல் பொடி அதுதான். பூச்சு போன இடத்தில் மழை பட்டால் துரு பிடிக்கும்.

பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டாம், சூட்டில் பிளேடு வளைந்துவிடும். புதுப் பிளேடு போடுங்கள். சாதா எம்எஸ் (மெது இரும்பு) பட்டை சில மாதத்தில் மறுபடி இதே கதிக்கு வரும். இஎன் 8 என்ற, கார்பன் கூடின எஃகுப் பட்டையில் வெட்டி, ஓரங்களைக் கம்பி உட்காரும் அளவுக்கு உருட்டி, பாலீஷ் செய்து, ஓரத்தை மட்டும் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். மாட்டும்போது பைப்புக்கு நடுவில் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தேய்மானமும் ஒரு பக்கம்தான்.

மூலனூர் விவசாயி:

இன்று மதியம் புதுப் பிளேடு மாட்டினோம். தாராபுரத்து லேத்தில் நீங்கள் சொன்னபடியே செய்து கொடுத்தார்கள். கைப்பிடியை இப்போது வீட்டுக்காரி ஒரு கையால் சுற்றுகிறாள். சாயங்காலத்துக்குள் 15 அடி வலை. எந்தச் சுருளும் சிக்கவில்லை. பொடியும் குறைந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. முன்னே பின்னின 60 அடி தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். அதையும் புதுசையும் எப்படி இணைப்பது? மெல்லிய பைண்டிங் கம்பி போட்டுக் கட்டினால், பன்றி முட்டும்போது தாங்குமா?

பழனி, வேலி வேலைக்குப் போகிற அக்கா:

பைண்டிங் கம்பி வேண்டாம் தம்பி. ஒரு வலையின் கடைசிச் சுருளில் மேல், கீழ் முடிச்சை விரித்துவிட்டு அந்தச் சுருளைத் திருகி வெளியே எடு. இரண்டு வலையின் ஓரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடுத்த சுருளை நடுவில் விட்டு மறுபடி திருகு. இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரே வலையாகிவிடும். முனைகளைப் பிளேயரால் மடக்கிவிடு. அடிப்பக்கத்தை அரை அடி மண்ணுக்குள் புதை, இல்லையென்றால் பன்றி மூக்கை விட்டுத் தூக்கும். இழுத்துக் கட்டும்போது மேல், நடு, கீழ் என்று மூன்று லைன் கம்பி (வேலி நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிற கம்பி) ஓட்டு.