பிரேக் பெடல் சென்சார் பழுதா? பர்லியாறு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை

குன்னூர்வாசி:
வணக்கம். என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய டீசல் கார். கியரைக் கையால் மாற்றும் வகை. இரண்டு வாரங்களாக, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் சில கொண்டைஊசி வளைவுகளில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுப்பதில்லை. சில நொடிகளில் தானாகவே சரியாகிவிடுகிறது. டர்போவைக் கழற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் கூறினார்கள். ஆனால் ஸ்கேனரில் வந்ததோ பி0504 என்ற ஒரே குறியீடுதான். பிரேக்குக்கும் இழுவைக்கும் என்ன தொடர்பு? புதிய சென்சாரை வாங்கி மாட்டிவிடலாமா?

உதகை ஓட்டுநர்:
முதலில் இரவில் வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, பிரேக் விளக்குகள் எரிந்து அணைவதைப் பாருங்கள். நம் மலையில் இரண்டாவது கியரிலேயே இறங்கிப் பழகியவர்கள் பிரேக்கை அதிகம் தொடுவதில்லை என்பதால், அந்த விளக்குகளின் கோளாறு பல நாட்கள் கண்ணில் படாமலே போய்விடும். மூடுபனியில் பின்னால் வருபவருக்கு அது ஆபத்து.

கோத்தகிரி எலக்ட்ரீஷியன்:
டர்போவை இப்போது தொட வேண்டாம். பலரும் சென்சார் என்று சொல்வது பெரும்பாலான வண்டிகளில் ஒரு சாதாரண சுவிட்ச்தான். அதற்குள் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். பெடலை மிதித்ததும் ஒன்று இணையும், மற்றொன்று பிரியும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத செய்தியைத் தந்தால்தான் பி0504 பதிவாகும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில் மிதிக்கப்படுவதாக இன்ஜின் கணினி எண்ணினால், பாதுகாப்புக்காக அது இன்ஜினின் விசையைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் நீங்கள் உணர்வது அதுவாகவே இருக்கலாம்.

ஸ்கேனரின் நேரடித் தரவில் இந்த இரண்டு ஜோடி முனைகளின் நிலையையும் பார்த்தபடி பெடலை மிக மெதுவாக அழுத்தி விடுங்கள்; ஒன்று மாறியும் மற்றொன்று தயங்கி நின்றால் கோளாறு இந்தச் சுற்றில்தான். பிறகு இணைப்பானைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், இந்த ஈரத்தில் அது அரிதல்ல. விளக்குக்கான கம்பியில் ஏறக்குறைய 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். சில புதிய வண்டிகளில் காந்தத்தால் இயங்கும் சென்சார் இருக்கிறது. அதில் மல்டிமீட்டரால் முனைகளின் தொடர்ச்சியைச் சோதிப்பது வீண், சிக்னல் வோல்ட்டேஜைத்தான் அளக்க வேண்டும்.

சுவிட்சை வாங்கும் முன் இன்னொன்று: சுவிட்சின் அழுத்துமுனை முட்டும் இடத்தில், பெடல் தண்டிலுள்ள துளையை மூடும் சிறிய ரப்பர் அடைப்பு ஒன்று பல வண்டிகளில் உண்டு. அது உதிர்ந்துவிட்டால் அழுத்துமுனை அந்தத் துளைக்குள் புகுந்துவிடும். நீங்கள் காலை எடுத்த பின்னும் பிரேக் மிதிபட்டிருப்பதாகவே கணினி கருதும். பெடலைக் கால்விரலால் சற்று மேலே தூக்கியதும் விளக்கு அணைந்தால், அந்த ரப்பரைச் சந்தேகியுங்கள்.

குன்னூர்வாசி:
மிக்க நன்றி. மிதியடியில் கறுப்பு ரப்பர்த் துகள்கள் கிடந்தன. மண் என்று எண்ணி நேற்றுதான் பெருக்கித் தள்ளினேன். அடைப்பில் பாதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. பெடலைத் தூக்கினால் விளக்கு அணைகிறது. ரப்பரை மாற்றினால் போதுமா, சுவிட்சையும் மாற்ற வேண்டுமா?

கோத்தகிரி எலக்ட்ரீஷியன்:
முதலில் ரப்பரை மட்டும் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். குறியீடு மீண்டும் வந்தால் மட்டும் சுவிட்சை மாற்றலாம். அப்போது உங்கள் வண்டிக்குரிய பொருத்தும் முறையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில வகைகளைப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகிப் பொருத்த வேண்டும், தவறினால் அதன் இடைவெளி அமைப்பு கெட்டுவிடும்.