கல்லூரியா, என்.பி.ஏ.வா? பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவங்கள்

ராலே, வட கரோலினாவிலிருந்து:

எம்.எஸ். படித்தபோது பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் டியூட்டராக இருந்தேன். வீரர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் வேலை. அவர்களில் ஒரு கூடைப்பந்து வீரரைப் பற்றி, பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர். மார்ச் மாதப் போட்டிகள் முடிந்ததிலிருந்து அவருக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது வீரர்களை இரண்டு சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பதா, இன்னொரு வருடம் கல்லூரியில் ஆடுவதா என்பதே நினைப்பு. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 28ஆவது ஆளாக எடுப்பார்கள் என்றார் ஒருவர், 35க்கு மேல்தான் என்றார் இன்னொருவர். கேட்கும்போது ஏழு இடம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் சுற்றில் 30 பேருக்குத்தான் இடம். அதற்குள் வந்துவிட்டால் முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. அடுத்த இரண்டு வருடங்கள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் இல்லை. கோடை முடிவதற்குள் அணி வேண்டாமென்று அனுப்பிவிடவும் முடியும்.

"நீங்கள்தான் நிகழ்தகவு நடத்துகிறீர்களே, எனக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றார். தாளை எடுத்து இருவரும் போட்டுப் பார்த்தோம். இரண்டு விஷயங்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஒன்று, பள்ளியில் படிக்கும்போதே அறுவை சிகிச்சை ஆன முழங்கால். இன்னொன்று, இரவுப் பணிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா.

2019 பிப்ரவரி 20 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆட்டம். தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டியூக்கின் நட்சத்திர வீரர் சயான் வில்லியம்சனின் ஷூ கிழிந்து முழங்கால் மடங்கி விழுந்தார். அடுத்த நாளே டி.வி.யில், இனி அவர் கல்லூரிக்காக ஆடவே வேண்டாம், ஜூனில் டிராஃப்ட் வரும்வரை ஓய்வெடுக்கட்டும் என்று பேசினார்கள். சயான் மார்ச்சில் திரும்பி வந்து ஆடினார், முதல் ஆளாகத் தேர்வாகி நியூ ஆர்லியன்ஸ் அணிக்கும் போனார். என் மாணவர் அதைப் பார்த்துவிட்டு, "அவர் கால் போனால் நாடே பேசும், என் கால் போனால் கோச்சுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அப்போது கல்லூரி வீரர்கள் ஸ்காலர்ஷிப்பையும் படிப்புச் செலவையும் தவிரப் பெரிதாக எதையும் வாங்க விதி இடம் கொடுக்கவில்லை. இன்னொரு வருடம் தங்குவது என்றால் அந்த முழங்காலை இன்னொரு வருடம் சம்பளமில்லாமல் தேய்ப்பது.

பெயர் கொடுத்த பிறகும் மே கடைசி வாக்கில் வாபஸ் வாங்கி, கல்லூரிக்கே திரும்ப வழி உண்டு. என் மாணவர் வாங்கவில்லை. முதல் சுற்றிலும் பெயர் வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை. ஐரோப்பாவுக்கு ஆடப் போனார். முதல் சீசன் முடிவதற்குள் அம்மா இரவுப் பணியை விட்டுவிட்டார். அவர் எடுத்தது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன். "டிகிரியை முடித்துவிட்டுப் போயிருக்கலாமே" என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வெஸ்ட் லஃபாயெட், இந்தியானாவிலிருந்து:

நான் பார்த்தது நேர் எதிர். பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்த வருடங்களில் சாக் ஈடி அங்கே ஆடினார். கனடாக்காரர், ஏழடிக்கு மேல் உயரம், வளாகத்தில் எங்கே நடந்தாலும் தெரியும். 2023இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான். ஆனாலும் டிராஃப்டில் இரண்டாம் சுற்று என்றே பேச்சு. இப்போதைய ஆட்டத்துக்கு அவ்வளவு உயரமான, மெதுவான ஆள் சரிப்படமாட்டார் என்றார்கள். பெயர் கொடுத்திருந்தவர் மே 31 அன்று வாபஸ் வாங்கினார்.

பணத்துக்காகத் தங்கினார் என்று சிலர் சொன்னபோது எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியிருந்தது. ஈடி இருந்ததோ எங்களைப் போலவே எஃப்-1 மாணவர் விசாவில். அமெரிக்க வீரர்களைப் போல விளம்பர ஒப்பந்தங்களை அவர் தாராளமாக ஏற்க முடியாது. விசாவில் அனுமதித்த வேலை நேரம் ஒரு மணி கூடிவிட்டால்கூட என்ன ஆகுமோ என்று பயந்து நாள் கடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படியும் தங்கினார். 2024 ஏப்ரலில் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றார்கள், அதில் 37 புள்ளிகள் இவருடையவை. அந்த ஜூனில் மெம்ஃபிஸ் அவரை 9ஆவது ஆளாக எடுத்தது.

சார்லட்டிலிருந்து:

டிகிரி பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து அரை மணி நேரத்தில் டேவிட்சன் கல்லூரி இருக்கிறது. இன்றைய என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி அங்கிருந்து 2009இல் மூன்றாம் வருடத்தோடு கிளம்பியவர். பட்டம் வாங்காத வீரரின் சட்டை எண்ணை, இனி யாருக்கும் தராமல் கௌரவித்து ஒதுக்கி வைப்பதில்லை என்பது அங்கே வழக்கம்; கரிக்காகவும் அதைத் தளர்த்தவில்லை. மூன்று என்.பி.ஏ. கோப்பைகளுக்குப் பிறகு, 2022இல் மீதிப் பாடங்களை முடித்தார். ஆகஸ்ட் 31 அன்று அவருக்காகவே ஒரு பட்டமளிப்பு விழா நடத்தி, அன்றைக்கே அவருடைய 30ஆம் எண்ணையும் அப்படி ஒதுக்கி வைத்தார்கள். மகளோடு கூட்டத்தில் நின்று பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. இதே மாநிலத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான டிம் டங்கன் நான்கு வருடமும் முடித்தார், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக. இரண்டுமே எனக்கு உயர்வாகத்தான் தெரிகிறது. ஆனால் பதிமூன்று வருடம் கழித்தும் பாடத்தை முடிக்கலாம். முதல் சுற்று வாய்ப்பு அப்படிக் காத்திருக்காது.

மீண்டும் ராலேயிலிருந்து:

ஈடி கதைக்கு நன்றி. என் மாணவர் இன்று கல்லூரியில் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். தங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். 2021இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். பெரிய கல்லூரியில் ஆடும் ஒருவருக்கு இரண்டாம் சுற்றுச் சம்பளத்தைவிட அங்கேயே அதிகம் கிடைக்கலாம். அம்மாவின் இரவுப் பணி அங்கிருந்தே நின்றிருக்கும், முழங்காலைப் பார்க்கவும் ஒரு வருடம் கிடைத்திருக்கும்.

இப்போது பெயர் கொடுக்கும் பையன்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: மே கடைசியில் முடிவெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச, கமிஷன் வாங்காத ஒரு ஆளாவது அவர்களுக்கு இருக்கிறாரா?