கென்டக்கி, 1803: தாய்ப்பத்திரத்தை எங்கே தேடுவது?

என் கணவரின் முன்னோர் ஒருவர் 1803-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், காரர்ட் கவுன்டியில் (கவுன்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி), பெயின்ட் லிக் ஓடைக்கரையில் 150 ஏக்கர் விற்றிருக்கிறார், மனைவியும் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். ஆனால் அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது என்பதற்குத் தாய்ப்பத்திரம் இல்லை.

காரர்ட் 1796-ல் மேடிசன், லிங்கன், மெர்சர் மூன்றிலிருந்தும் பிரிந்தது என்பதால் நான்கு கவுன்டிகளின் பத்திர அட்டவணைகளையும் விற்றவர், வாங்கியவர் என இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். அரசே முதலில் நிலம் வழங்கிய பதிவுகளான வர்ஜீனியா மானியம், பழைய கென்டக்கி மானியம் எதிலும் பெயர் இல்லை. 1790, 1800 மக்கள்தொகைக் கணக்குகள் அழிந்துவிட்டன, வரிப்பட்டியல்தான் கதி. 1795-ல் மேடிசனில் ஒரே ஒரு குதிரையோடு இருக்கிறார், நிலம் 1799 காரர்ட் பட்டியலில்தான் ஏறுகிறது. அப்புறம், பக்கத்து நிலக்காரரின் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் இவர் அண்டை நிலக்காரராக மட்டுமே வருகிறார்.

அந்தக் காலத்தில் பல கவுன்டிகளுக்குப் பொதுவான மாவட்ட நீதிமன்றங்களிலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும்கூடப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். 1795-க்கும் 1799-க்கும் இடையே வாங்கியிருந்தால், இந்த இரண்டில் எதன் புத்தகங்களை முதலில் தேட வேண்டும்?