நடவு வயல்ல துருப்புள்ளி: ஆர்சனிக்கா, டிஏபியா?

தடப்பள்ளிக்காரன்:
கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துல, கொடிவேரி அணைத் தண்ணி பாயற ரெண்டு ஏக்கர்ல நட்டு 22 நாளாச்சுங்க. பள்ளமான பக்கம் ஒரு பத்து சென்ட்டுல பயிர் எந்திரிக்கவே இல்லை. அடி இலையில துரு மாதிரி புள்ளி, குருத்து இலையில நடு நரம்பு வெளுத்திருக்குது. ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபி உரம் போட்டேன், ஜிங்க் சல்பேட்டையும் அதோடயே கலந்து வீசிட்டனுங்க. பங்காளி ஒருத்தர், "மண்ணுல ஆர்சனிக்னு ஒரு விஷம் இருக்கும், அந்த அரிசியே ஆகாது"ங்கறார். வீட்டுல ரெண்டு வயசுக் கொழந்தை. வருசம் பூரா இந்த அரிசிதான் திங்கறோம். வெசனமா இருக்குதுங்க.

நஞ்சைக்காட்டு அக்கா:
தம்பி, போர் தண்ணி ஏதாச்சும் பாய்ச்சறீங்களா, வாய்க்கால் தண்ணி மட்டுந்தானா?

மேற்கு வங்காளத்துல நதியா மாவட்டத்துல மூணு வருசம் மண் ஆய்வு வேலையில இருந்தேன். அங்க கோடை நெல்லுக்கு ஆழ்குழாய்த் தண்ணியே பாயும், அதுலதான் ஆர்சனிக். வயல்ல தண்ணி கட்டியே கெடந்தா மண்ணுக்குக் காத்துப் போகாது. ஆர்சனிக்கைப் புடிச்சு வெச்சிருக்கற இரும்பு கரைஞ்சு அதை விட்டுடும். நெல்லு சிலிக்காவை உறிஞ்சற வழியிலயே அதையும் உறிஞ்சிக்கும். அப்படி ஒரு கதிரைக் கையில புடிச்சுப் பார்த்திருக்கறேன்: தலை சாயாம நட்டுக்கிட்டு நிக்குது, நெல்லு கிளிமூக்கு மாதிரி வளைஞ்சு உள்ள ஒண்ணுமே இல்லை. இன்னும் கண்ணுல நிக்குது.

டிஏபி போட்டா ஆர்சனிக்கைத் தடுக்கும்னு சிலர் சொல்லுவாங்க. பாதிதான் சரி. டிஏபியில இருக்கற மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேர்ல ஒரு வகை ஆர்சனிக்கோட போட்டி போடும். ஆனா தண்ணி கட்டுன வயல்ல இருக்கறது பெரும்பாலும் வேற வகை. அதோட மண்ணுல ஒட்டியிருக்கறதை மணிச்சத்தே தள்ளி வெளிய விடவும் செய்யும்.

உங்க பயிர்ல எனக்குத் தெரியறது துத்தநாகக் குறை, அதாவது ஜிங்க் பத்தலை. ஏக்கருக்கு மணிச்சத்து சுமார் 20 கிலோ போதும். ஒரு டிஏபி மூட்டையிலயே 23 கிலோ இருக்குது, நீங்க 46 போட்டிருக்கறீங்க. அது ஜிங்கைக் கட்டிப் போட்டுடும். ரெண்டையும் ஒண்ணா கலந்தது இன்னும் தப்பு. மொதல்ல தண்ணிய வடிங்க. பத்து லிட்டர் டேங்குக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கரைச்சு இலையில அடிங்க. பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொருக்கா.

காளிங்கராயன் பாசனம்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. மண்வள அட்டையில வர்ற 12 அளவுல ஆர்சனிக் கிடையாதுங்க, தனியாக் கேட்டுத்தான் பார்க்கோணும். மண்ணை அந்தப் பள்ளத்துல தனியா, நல்லா இருக்கற பக்கம் தனியா எடுங்க. இனிமே காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க, ஜிங்க் குறை, ஆர்சனிக் ரெண்டுக்குமே நல்லது. பூக்கற சமயம் மட்டும் காய விடாதீங்க.

தடப்பள்ளிக்காரன்:
வாய்க்கால் தண்ணி மட்டுந்தானுங்க அக்கா, போர் இல்லை. மடை வெட்டி விட்டாச்சு. கொழந்தைக்கு இப்ப இருக்கற அரிசிய ஆக்கலாமுங்களா?

நஞ்சைக்காட்டு அக்கா:
வாய்க்கால் தண்ணி மட்டுந்தான்னா தாராளமா ஆக்குங்க தம்பி. குக்கர்ல வைக்காம, அரிசிக்கு ஆறு பங்கு தண்ணி விட்டு வேக வெச்சு கஞ்சிய வடிச்சுடச் சொல்லுங்க. ஆர்சனிக் இருந்தாலும் கணிசமா அதுலயே போயிடும். பத்து நாள்ல புதுக் குருத்து பச்சையா வருதான்னு பார்த்து இங்கயே எழுதுங்க.