யுத்த காலத்து நூல்கடைக் கணக்கு: பி.காம். புராஜெக்ட்டுக்கு ஆகுமா?

சென்னிமலைப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். மூன்றாம் வருடத்துப் புராஜெக்ட்டுக்கு இந்த மாதமே தலைப்புக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் மஞ்சள் மண்டி, மீதிப் பேர் விசைத்தறி, இல்லையென்றால் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் திருப்தி.

பொங்கலுக்கு சென்னிமலையில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது மூன்று பழைய பேரேடுகள் கிடைத்தன. அப்பிச்சியின் அப்பா அந்தக் காலத்தில் நூல்கடை வைத்து, தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கியவர். இரண்டு பேரேட்டின் மேலே 'சுபானு', 'தாரண' என்று இருக்கிறது, மூன்றாவதில் முதல் தாள்களே இல்லை. உள்ளே பாதி எழுத்துப் புரிகிறது, எண்கள் புரியவில்லை, ரூபாய்க்குப் பக்கத்தில் சுழி சுழியாக என்னென்னவோ போட்டிருக்கிறார். 'கண்ட்ரோல்', 'பெர்மிட்', 'நூல் வரவில்லை' என்று அங்கங்கே வருவதைப் பார்த்தால் இரண்டாம் உலகப் போர் சமயம் என்று நினைக்கிறேன். ஒரு பேரேட்டின் கடைசி நாலு பக்கம் முழுக்கப் பாட்டு, ஜப்பான்காரன் குண்டு போடுவதைப் பற்றிக் கும்மி மெட்டில் எழுதியிருக்கிறார்.

இதையே புராஜெக்ட்டாக எடுக்கிறேன் என்றால் எங்கள் துறையில் இது வரலாறு, வணிகவியல் இல்லை என்கிறார்கள். தமிழ்த் துறையில் பாட்டைக் காட்டினேன், இலக்கியத்தில் சேராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு மூன்றும் பிடிக்கும், எதை விட வேண்டும் என்றுதான் தெரியவில்லை. இதை வைத்துப் புராஜெக்ட் செய்ய முடியுமா? எண்களை எப்படிப் படிப்பது? அப்புறம், பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறோ தமிழோ போகலாமா? வீட்டில் எம்.பி.ஏ. என்கிறார்கள்.

நூல்கட்டு

அம்முணி, முதலில் அந்தப் பேரேட்டை யாரிடமும் கொடுத்துவிடாதே, லேமினேட் பண்ணவும் கூடாது. வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வரிசை எண் போட்டு வை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உன் ஊகம் சரிதான். சுபானு என்பது 1943 ஏப்ரல் நடுவிலிருந்து 1944 ஏப்ரல் நடு வரைக்கும், தாரண அதற்கு அடுத்த வருடம். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் வருடப் பேரை மட்டும் நம்பக் கூடாது, ஆனால் 'கண்ட்ரோல்' என்ற சொல் இருக்கும்போது 1883 ஆக இருக்க வாய்ப்பே இல்லை.

சுழி சுழியாக இருப்பவை கணக்குக் குறிகள். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. எண்களில் ௰ என்றால் பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம், ஆகவே ௪௰௩ என்று இருந்தால் நாற்பத்து மூன்று. 'வ' மாதிரி தனியாக நின்றால் அது கால். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, அதைத் தம்பிடி என்பார்கள். ரூபாய்க்கு 192 தம்பிடி. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ரூபாய், அணா, தம்பிடியைத் தனித்தனிக் கட்டத்தில் போட்டு, நாலாவது கட்டத்தில் எல்லாவற்றையும் தம்பிடியாக மாற்றிக்கொள், கூட்டல் கழித்தலில் தப்பு வராது. இப்போதைய காசுக்கு மாற்றப் போகாதே, நூறு காசு வந்ததே 1957இல்தான்.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் நம்பர், 40ஆம் நம்பர் என்று எழுதியிருப்பார். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் (நூல் சுருள்) எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர், நம்பர் ஏற ஏற நூல் சன்னம். கட்டு என்பது பத்துப் பவுண்டு. ஆக 20ஆம் நம்பரில் ஒரு கட்டு என்றால் 200 சிட்டம். இதை வைத்து எந்த மாதம் எவ்வளவு நூல் கடைக்குள் வந்தது, எத்தனை தறிக்குப் போனது என்று நீயே கண்டுபிடித்துவிடலாம். இது வணிகவியல் இல்லை என்றால் வேறு எது வணிகவியல் என்று எனக்குப் புரியவில்லை. சரக்கு வரத்து, கடன், விலைக் கட்டுப்பாடு எல்லாம் இதில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பேரேட்டைத் திற. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930களில்தான் கோயமுத்தூர்ப் பக்கம் மில்கள் மளமளவென்று பெருகின, அதில் பெரும்பாலானவை நூற்பு மில்கள், கைத்தறிக்காரன் அந்த நூலை நம்பித்தான் தறி ஓட்டினான். சண்டை வந்ததும் ராணுவத்துக்குத் துணி தேவைப்பட்டது, வெளிநாட்டுத் துணி வரத்துக் குறைந்தது, சாயம் ஜெர்மனியிலிருந்து வருவது நின்றது. விலை தலைக்கு மேலே போனதால் 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். உச்ச விலையை அரசாங்கமே நிர்ணயித்து, அதைத் துணியில் முத்திரையாகக் குத்தச் சொன்னது. உன் சுபானுப் பேரேடு சரியாக அந்த வருடத்தில் நிற்கிறது!

ஒன்றை மட்டும் யோசித்துப் படி. கட்டுப்பாட்டுக் காலத்துப் பேரேட்டில் எழுதியிருக்கும் விலை அரசாங்கத்துக்குக் காட்டும் விலையாக இருக்கலாம், கையில் வாங்கியது வேறாக இருக்கலாம். விலை மாதக்கணக்கில் அசையாமல் ஒரே எண்ணாக நின்றால் சந்தேகப்படு. கறுப்புச் சந்தை அன்றைக்கு ஊர் முழுக்க இருந்தது, உன் குடும்பத்தைக் குறை சொல்வதாக நினைத்து அதை மறைக்காதே. ஆனால் எழுதுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

காங்கயம் தமிழாசிரியை

கண்ணு, அந்தப் பாட்டை இலக்கியம் இல்லை என்று தள்ளியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பேரேட்டிலேயே நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த நாலு பக்கத்தைத்தான்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையே பாதி காலியாகி ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். அந்தப் பயம் சென்னிமலை நூல்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு உன் கையில் இருப்பது சாட்சி. ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: அவரே கட்டினதா, இல்லை சந்தையில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினதா? கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து என்று எது நடந்தாலும் மலிவுத் தாளில் அச்சடித்துப் பாடியே விற்பார்கள், குஜிலிப் பாட்டு என்று அதற்குப் பேர். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்டவை இருக்கின்றன. முதல் அடியை வைத்துத் தேடிப் பார். அச்சில் கிடைக்காவிட்டால், அடித்தல் திருத்தல் எங்கெல்லாம் இருக்கிறது என்று கவனி. பார்த்து எழுதுகிறவன் எதுகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க மாட்டான், சொந்தமாகக் கட்டுகிறவன்தான் அதைச் செய்வான்.

படிக்கவும் சிலது சொல்கிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை அவசியம் படி. ஜப்பான் படை சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குள் நுழைவதில் கதை தொடங்கும், நாயகன் வட்டிக்கடையில் வேலை பார்க்க வந்தவன், ஆசிரியரும் மெடானில் கடையில் வேலை பார்த்தவர். நீ கேட்கிற இலக்கியம், வணிகம், போர் மூன்றும் ஒரே புத்தகத்தில் இருக்கிறது, அதில் தராசும் துப்பாக்கியும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதைக்கு வெ. சாமிநாத சர்மா எழுதிய வழிநடைப் பயண நூல் இருக்கிறது.

இன்னொன்று நம்ம ஊர்ப் புத்தகம், ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது. ஆனால் அது போர்க் கதை இல்லை, புருஷனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிற கதை. உலகமே பற்றி எரிந்த வருடத்தில் கொங்கு நாட்டுக் கிராமத்துக்குப் பெரிய சண்டை வரப்பில் நடந்தது என்று அந்த நாவலை வைத்து நான் வகுப்பில் சொல்வேன். உன் பேரேட்டுக்காரர் அதே சமயத்தில் ஜப்பான்காரனைப் பற்றிப் பாட்டு எழுதியிருக்கிறார், ஆகவே என் கருத்தை நானே மறுபடி யோசிக்க வேண்டும் போலிருக்கிறது. பேரேட்டில் புரியாத வட்டாரச் சொற்களுக்கும் அந்த நாவல் உதவும்.

பல்லடத்துக்காரன்

நான் பி.காம். முடித்து எம்.ஏ. வரலாறு போனவன், அதனால் மேற்படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. எம்.ஏ. வரலாற்றுக்குப் பல இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் எடுக்கிறார்கள், தமிழுக்கு நிபந்தனை இடத்துக்கு இடம் மாறும், சேருவதற்கு முன் அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் படி. ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கச் சொல்கிறார்கள். இது தெரியாமல் படித்துவிட்டு நான் பிறகு கஷ்டப்பட்டேன், உனக்கு யாராவது முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கும் கல்லூரி வேலைக்கும் போவதாக இருந்தால் தாராளமாகப் போ, வரலாற்றுத் துறையில் பேரேடு படிக்கத் தெரிந்த ஆள் ரொம்பக் குறைவு.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை உனக்குத்தான் தெரியும். ஆனால் புராஜெக்ட்டைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்காதே. தலைப்பை மாற்றி எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். 'உலகப் போர்' என்று தலைப்பில் போட்டால் உங்கள் துறை ஒத்துக்கொள்ளாது. 'விலைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு நூல்கடையின் சரக்கு வரத்தும் கடன் நிலுவையும், 1943-45' என்று போட்டுக் கொடு. ஒரே கடை, இரண்டு வருடம், போதும். கும்மிப் பாட்டைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடு.

ஆசைப்பட்டு எல்லாவற்றையும் இழுத்துவிடவும் வேண்டாம். எங்கள் பக்கம் 1942 ஆகஸ்டில் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள், சின்னியம்பாளையத்தில் மில் தொழிலாளர் நாலு பேரை 1946 ஜனவரி 8இல் தூக்கில் போட்டார்கள், இரண்டும் தனித்தனியே பெரிய விஷயம். ஒரு பத்தியில் சொல்லிவிட்டு உன் கடைக்குத் திரும்பி வந்துவிடு. அரசாங்க ஆணைகள் வேண்டுமென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போ.

சென்னிமலைப் பேத்தி

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பல்லடத்து அண்ணா சொன்ன தலைப்பையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பிச்சியிடம் போய் உட்கார்ந்தேன். அவருக்கு 88 வயது, சண்டை சமயத்தில் சின்னப் பையன். போரைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் தெரியாது என்றார். கடையைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தாமல் பேசினார். நடுவில் ஓட்டை போட்ட காலணாவை அரைஞாண் கயிற்றில் கோர்த்துக்கொண்டு திரிந்தாராம், தொலையாது என்று. பாட்டு அவர் அப்பாவே கட்டியது என்கிறார், ராத்திரி கடை அடைத்த பிறகு சத்தம் போட்டுப் பாடிப் பார்த்துத்தான் எழுதுவாராம். டீச்சர் சொன்ன மாதிரி மூன்று இடத்தில் எதுகையை அடித்து மாற்றியிருக்கிறார், பார்த்துவிட்டேன்!

நூல்கட்டு ஐயா, குறிகளை வைத்து சுபானு முழுக்கப் படித்துவிட்டேன். ஐப்பசியிலிருந்து நூல் வரவு குறைந்துகொண்டே போகிறது, மார்கழியில் ஒரு கட்டுக்கூட இல்லை. ஆனால் அந்த மாதத்தில் பதினொரு பேருக்குப் பற்று எழுதியிருக்கிறார். முதல் பேருக்கு எதிரே 'ராகி' என்று இருக்கிறது, கீழே பத்துப் பேருக்கும் ௸. அத்தனை பேரும் தறிக்காரர்கள்தான், முந்தின பக்கங்களில் நூல் வாங்கின பேர்கள். நூல்கடையில் ராகி எப்படி வந்தது என்று அப்பிச்சிக்கும் தெரியவில்லை. இதைக் கடனாக எடுத்துக்கொள்வதா, செலவாக எழுதுவதா?

நூல்கட்டு

பற்று என்று எழுதியிருப்பதால் அன்றைக்கு அவர் அதைக் கடனாகத்தான் வைத்திருக்கிறார் அம்முணி. தறி நின்றால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது, நூல் வரும்போது நெய்ய ஆளும் இருக்காது. அதனால் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். தாரணப் பேரேட்டில் அதே பதினொரு பேரைத் தேடு. சேலை கொண்டுவந்து போட்ட நாளில் கூலியில் ராகிக்கென்று கழித்திருந்தால் அது கடன், எங்குமே கழிக்காவிட்டால் அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல், நானும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.