தண்டனை வாங்கித் தந்ததோடு அரசு வழக்கறிஞரின் வேலை முடிந்ததா?

பேட்டைச் செல்வி:
என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் குற்றவாளியைத் தெருமுனை டீக்கடையில் பார்த்துவிட்டு, அம்மா வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்கு ஓடி வந்தார். மேல்முறையீடு செய்து, தண்டனையை நிறுத்திவைத்து, ஜாமீனில் வந்திருக்கிறான். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞர் யாருக்காக வாதாடுகிறார்?

பாளை வக்கீல்:
தங்கச்சி, அவர் அரசுக்காக வாதாடுகிறார். குடும்பத்தின் வக்கீல் அல்ல, ஆகவும் கூடாது. நாளைக்கு நிரபராதி ஒருவன் சிக்கினால், அவனுக்குச் சாதகமான ஆவணத்தையும் மறைக்காமல் வைக்க வேண்டியவர் அவர்தான். மேல்முறையீட்டில் புதிதாகச் சாட்சி விசாரிப்பது அரிது. இருக்கிற காகிதத்தை வைத்தே வாதம். முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டின் கைக்கு எத்தனை மணிக்குப் போனது, அரிவாளைக் கைப்பற்றியதை எழுதிவைத்த மகஜரில் சாட்சிக் கையெழுத்திட்டவர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனாரா என்று எதிர்த்தரப்பு நூல் நூலாக உருவும். அதற்கு ஈடுகொடுத்துத் தண்டனையைக் காப்பதே பெரும்பாடு.

பேட்டைச் செல்வி:
அண்ணாச்சி, இவ்வளவு பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவனை வெளியே விடும் முன், எழுத்துமூலம் ஆட்சேபிக்க அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதில் எழுத வேண்டிய சங்கதி எங்களிடம்தானே இருக்கிறது? தீர்ப்பு வந்த வாரமே அவன் சித்தப்பா எங்கள் வாசலில் நின்று, "அவன் வெளியே வரட்டும்" என்றார். அது எந்தக் கேஸ் கட்டில் இருக்கிறது?

அம்பை ஆசிரியர்:
செல்வி கேட்பது புதிதல்ல. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. வழக்கு நடவடிக்கைகளைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது அரசு வழக்கறிஞரின் அல்லது அரசின் கடமை. ஜாமீனிலும் பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதனால் நடுநிலை கெட்டுவிட்டதா? சாதி ஆணவத்தால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கில் அவருடைய தாய் விடாமல் நின்றார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

பாளை வக்கீல்:
15ஏ நல்ல பிரிவுதான், மறுக்கவில்லை. எல்லா வழக்குக்கும் நீட்டுவதற்கு ஆள் பலம் வேண்டும். தங்கச்சி, மிரட்டல் இருந்தால் ஜாமீனை ரத்து செய்ய அரசு வழக்கறிஞரே மனுப் போடலாம். காவல் நிலையத்தில் புகார் எழுதி ரசீது வாங்குங்கள். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வக்கீலும் நிற்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இழப்பீட்டு மனுவும் அங்கேதான்.

பேட்டைச் செல்வி:
வக்கீல் இலவசமாகக் கிடைப்பார், சரி. வழக்கு என்றைக்கு வருகிறது என்றே தெரியாதவள் எந்தத் தேதிக்கு வக்கீல் கேட்பாள்? ஒரு போன் செய்ய எத்தனை ஆள் வேண்டும் அண்ணாச்சி? நாளைக் காலையில் அம்மா பீடித் தட்டை இறக்கிவைத்துவிட்டு என்னோடு காவல் நிலையத்துக்கு வருகிறார். சித்தப்பா பேசியதையும் புகாரில் எழுதுகிறோம்.